வெளியே நிற்கிறவனைக் காட்டாத படம்

“படத்துல வர்ற பிளேன் எல்லாம் எப்படியாவது இறங்கிடுதுண்ணே.”

போர்ட் பிளேர் விமான நிலைய வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது பக்கத்தில் கேட்டது. அண்ணன், தம்பி இருவர். வண்டூர் வீட்டில் அப்பாவின் உடல் கிடக்கிறது, சென்னையிலிருந்து தங்கை வந்தபிறகுதான் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் பேச்சிலேயே தெரிந்தது.

“எந்தப் படம்டா?”

“ஆஸ்பத்திரியில அப்பா பக்கத்துல உட்கார்ந்து போன்ல பார்த்தேனே, அதுதான். பைலட் மயங்கிடுவான். உள்ள பாம் வேற. அப்பவும் ஒரு பொண்ணு இறக்கிடுறா.”

“அப்புறம் என்னடா சஸ்பென்ஸு? அவளை இந்த மழையில நம்ம ஊருக்கு ஓட்டிட்டு வரச் சொல்லு.”

“உள்ள இருக்கிறவங்க கத்துறதையே காட்டுறான். வெளிய நிக்கிறவனை ஒரு சீன்லகூட காட்டலண்ணே.”

“காட்டினா எவன் பார்ப்பான்?”

மேகத்துக்குள் மறுபடியும் விமானத்தின் இரைச்சல் கேட்டது. நெருங்கி வந்து, பிறகு தேய்ந்துபோனது. கொஞ்ச நேரத்தில் வாசல் காவலர் வந்து, “மௌசம் கராப், வானிலை சரியில்ல. பிளேன் சென்னைக்கே வாபஸ்” என்றார்.

தம்பி போனை எடுத்தான்.

“யாருக்குடா? அவ இன்னும் மேலதான இருக்கா.”

“அவளுக்கு இல்லண்ணே, ஐஸ்காரருக்கு. அப்பாவுக்கு நாளைக்கும் ஐஸ் வேணும்னு சொல்லணும்.”