தரையில் கிடந்த மஞ்சு

மலையில் இருப்பவர்களுக்குப் போன் செய்தால் முதலில் மழையைப் பற்றிக் கேட்க வேண்டும், சார். கேட்காமல் வேலையைப் பற்றிப் பேசினால் முகம் கோணிவிடும். பாலக்காட்டு அலுவலகத்தில் சேர்ந்த புதிதிலேயே இதைக் கற்றுக்கொண்டேன்.

என் வேலையே பேசுவதுதான். குவாண்டம் கணினி செய்யும் ஆய்வகங்கள் நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஓர் இடத்தில் இயந்திரம் இருக்கும், இன்னோர் இடத்தில் அதற்கான கணக்கு இருக்கும். ஒருவரோடு ஒருவர் பேச மாட்டார்கள். அவர்களைப் பேச வைத்து, ஒரே சோதனையில் சேர்ந்து உட்கார வைப்பவள் நான்.

எங்கள் வலையமைப்பில் மிகச் சிறியது மலைமேல் இருக்கும் பீர்மேடு. பழைய தேயிலைத் தொழிற்சாலையின் நிலவறை. அங்கே இயந்திரத்தைக் குளிர்விக்கும் திரவ நைட்ரஜனைக் கவனித்துக்கொண்டவர் சங்கையா. எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்து பாலிடெக்னிக் படித்தவர். அந்த ஆய்வகம் வீண் என்று மேலிடத்தில் முணுமுணுத்தார்கள். கூட்டுச் சோதனை ஒருமுறை நின்றாலும் நீக்கிவிடுவோம் என்றார்கள். நீக்கினால் சங்கையாவின் வேலையும் போகும். இதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நைட்ரஜன் கசிந்தால் குளிரில் தரையோடு வெள்ளைப் புகையாகப் படரும், காற்றில் ஆக்சிஜன் குறையும். வாசனை வராது, மூச்சும் திணறாது. ஆள் அப்படியே சாய்ந்துவிடுவார். அதற்காக அறையில் ஓர் அபாய மணி உண்டு. அது அடித்தால் இயந்திரமும் தானாக நின்றுவிடும். ஆனால் மழைக்காலத்தில் மூடுபனி, அந்த ஊர்ப் பேச்சில் மஞ்சு, காற்றுத்துளை வழியாக நிலவறைக்குள் இறங்கும். ஈரம் பட்டால் மணி சும்மாவே அலறும். அதனால் சோதனை நாட்களில் அதன் ஒயரைப் பிடுங்கி வைப்பது அங்கே வழக்கம். நான் தொடங்கி வைத்த வழக்கமல்ல. தெரிந்து சும்மா இருந்தேன்.

அன்று எல்லா ஊர்களும் இணைந்திருந்தன. சங்கையா போனில் வந்தார்.

"மழை எப்படீங்க?" என்றேன்.

"ஊத்துதுக்கா. நீங்க அங்கன வெயில்ல வத்தலாக் காயுறீக, நாங்க இங்கன பாசி புடிச்சுப் போயிட்டோம்," என்று சிரித்தார். பிறகு குரல் மாறியது. "யக்கா, தரையில வெள்ளையாக் கெடக்கு. வெளிய இருந்து வந்த மஞ்சா, நம்ம நைட்ரஜனான்னு தெரியல. மணிய மாட்டிப் பாக்கவா?"

அவருடைய நைட்ரஜன் தொட்டியின் அளவு என் திரையில் தெரிந்தது. இறங்கிக்கொண்டிருந்தது. மூடுபனி வந்தால் தொட்டி இறங்காது. சோதனை முடிய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

"மஞ்சுதானுங்க. எப்பவும் வர்றதுதானே," என்றேன். "வால்வுகிட்டயே இருங்க, எங்கயும் போயிராதீங்க."

"சரிக்கா, நீங்க சொன்னாச் சரிதான்."

அவர் எப்படி நம்பினார் என்று கேட்கிறீர்கள். மூடுபனி வீட்டுக்குள் வந்து பாயில் படுத்துப் போவதைப் பார்த்து வளர்ந்தவர். தரையில் வெள்ளையாக ஏதோ கிடக்கிறதென்று அந்த ஊரில் யாரும் எழுந்து ஓடுவதில்லை.

அதன்பின் போனில் பம்பு ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு முறை கூப்பிட்டேன். பிறகு மற்ற ஊர்களிடம், பீர்மேடு சரியாக இருக்கிறது, தொடருங்கள் என்றேன். முடிவுகள் நன்றாக வந்தன. எல்லோரும் கைதட்டினார்கள். அதற்கப்புறம்தான் பீர்மேட்டில் மேல்மாடியில் வேலை செய்யும் ஜிஸ்மியைப் போனில் கூப்பிட்டு, கீழே போய்ப் பார்க்கச் சொன்னேன். கதவைத் திறந்துவிட்டு, காற்று நன்றாகப் போய் வந்த பிறகு உள்ளே நுழை என்றேன். அந்தச் சின்னப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். சங்கையாவின் மனைவி ராமலட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மஞ்சுன்னு நெனச்சு உள்ளாற இருந்துட்டாருன்னு சொல்றாகளே. மஞ்சு தெரியாதவராக்கா அவரு?" என்று கேட்டாள். நான் அவளுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

பீர்மேட்டை நீக்கவில்லை, சார். சங்கையாவின் வேலையும் போகவில்லை. இன்னும் ஆள் போடாமல் அப்படியே இருக்கிறது. அதைக் காப்பாற்றத்தான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.