நடையில முதலாம் இடம்

கடற்கரையில வேண்டாம், பிள்ளை. கொம்பனி முற்றத்தில வைச்சு வீடியோ எடுங்கோ, இல்லாட்டி உந்தக் கோயில் றோட்டில எடுங்கோ, எவ்வளவு நேரமெண்டாலும் நடந்து காட்டுறன். தொப்பியும் போடுறன், பூட்சும் போடுறன், சிரிக்கச் சொன்னாச் சிரிக்கவும் செய்யிறன். கடற்கரையை மட்டும் விடுங்கோ. நாளைக்கு விடியப்புறம் கமராவைத் தூக்கிக்கொண்டு என்ர பின்னால வராதேங்கோ.

இருங்கோவன். அந்தக் கதிரையில ஆடாம இருங்கோ, ஒரு கால் சரியில்ல. கொம்பனி வீடியோவுக்கெண்டு கொழும்பில இருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறியள், வெறுங்கையோட அனுப்ப மாட்டன். கேக்கிறதுக்கெல்லாம் மறுமொழி சொல்லுறன், நீங்கள் எழுதுங்கோ. பெற்றிசியா, இவவுக்குத் தேத்தண்ணிக்குத் தண்ணி வை. என்ர மருமகள், மகன்ர பெண்சாதி. ஏணைக்குள்ள கிடக்கிறது அவையளின்ர குட்டி. இப்பதான் கண் அயந்தவள். நான் ஆட்டிக்கொண்டே கதைக்கிறன், நிப்பாட்டினா எழும்பிப் போடுவாள்.

நன்மையோ? உந்த உடற்பயிற்சித் திட்டத்தால எங்களுக்கு என்ன நன்மை எண்டு கேக்கிறியள். நன்மை இருக்கு. நாங்கள் நண்டு உடைக்கிற ஆக்கள் பிள்ளை, விடியப் போனா பொழுதுபடு மட்டும் ஐஸ் தண்ணி ஓடுற சீமெந்தில நிண்டபடி. இடுப்பு நாரி விட்டுப்போகும், விரல் மடங்காது. நாங்கள் கதிரை கேட்டம். கதிரை இல்லாட்டி ஒரு வாங்கெண்டாலும் போடுங்கோ, இருந்து உடைக்கிறம் எண்டு கேட்டம். கொம்பனியாக்கள் பாட்டைப் போட்டுக் கையைக் காலை ஆட்டச் சொன்னவை. சிரிக்கிறியள், சிரியுங்கோ, நாங்களும் சிரிச்சனாங்கள். இதை எழுதாதேங்கோ, என்னை வேலையால நிப்பாட்டிப் போடுவினம்.

ஆனா பொய் சொல்லக் கூடாது. பயிற்சி பழக்க வாறவ சிவலட்சுமி ரீச்சர், வவுனியாப் பக்கம், நல்ல மனுசி. முதல் நாள் எங்களை நிரையா விட்டு, ஒவ்வொருத்தருக்கும் முன்னால வந்து நிண்டு, அம்மா உங்களுக்கு எங்க நோகுது எண்டு கேட்டவ. என்ர வயசுக்கு என்னட்ட அப்பிடி ஒருத்தரும் கேட்டதில்ல. கட்டின மனுசனும் கேட்டதில்ல, பாவம், அந்தாள் போய்ச் சேந்தும் கனகாலம். எனக்கு அதில நிண்டபடியே அழுகை வந்திட்டுது. தோள் நோகுது எண்டு சொன்னன். தோளைச் சுழட்டப் பழக்கினா. இப்ப தோள் நோகிறேல்ல, மெய்யாத்தான் சொல்லுறன். தோளை எழுதுங்கோ.

நண்டோ? நல்ல ருசியான சாமான். இஞ்சத்த நண்டு உங்கட கொழும்புக்கும் வாறேல்ல, நேர வெளிநாட்டுக்குத்தான். நான் இப்ப தின்னுறேல்ல. தோலுக்குக் கூடாது.

பேந்துதான், எத்தினை அடி நடந்தம் எண்டு எண்ணுற இந்தக் கைப்பட்டி வந்தது. கொம்பனிக்கு உள்ளுக்க கட்டேலாது, நண்டுக்குள்ள விழுந்திடும் எண்டு கழட்டி வைக்கச் சொல்லுவினம். அப்ப வீட்டில நிக்கேக்க நடக்கிறதுதான் கணக்கு. ஆர் ஆகக் கூட நடந்தவவோ, மாதக் கடைசியில அவவுக்குக் கைதட்டும் ஒரு துவாயும். என்னோட ஒரே மேசையில நிக்கிற நசீறா பெரிய பகிடிக்காரி. உங்க றோட்டெல்லாம் கழுதை மேயுதே, வரேக்க கண்டிருப்பியள், அதில ஒண்டைப் பிடிச்சுக் காலில பட்டியைக் கட்டி விட்டிட்டா. அது ஊரெல்லாம் சுத்திப்போட்டு வந்திருக்கு. ரீச்சர் போனைப் பாத்திட்டு, என்ன நசீறா அக்கா, நல்லா நடந்திருக்கிறியள், ஆனா உங்களுக்கு நெஞ்சு அடிக்கேல்ல எண்டு காட்டுதே, உயிரோடதானே நிக்கிறியள் எண்டு கேட்டவ. அண்டைக்கு வேலை முடியுமட்டும் சிரிச்சுச் சிரிச்சு எங்களுக்கு வயிறு நோ. அப்பதான் எனக்குத் தெரிய வந்தது, இந்தச் சாமான் நடையை மட்டும் பாக்கேல்ல, நெஞ்சையும் பாக்குது எண்டு. முந்தியே தெரிஞ்சிருந்தா நான் கட்டியிருக்க மாட்டன்.

ஓம், நான்தான் ஒவ்வொரு மாதமும் முதலாவது. இளம் பொம்பிளையளும் பின்னுக்குத்தான். ஏன் இவ்வளவு நடக்கிறனோ? எனக்குச் சீனி வருத்தம், நடக்கச் சொல்லி டொக்டர் சொன்னவர் எண்டு எழுதுங்கோ.

அந்தா, குசினிக்குள்ள இருந்து பெற்றிசியாவே சொல்லிப்போட்டாள். இனி மறைச்சென்ன. மகனைத் தேடித்தான் நடக்கிறன்.

பஸ்ரியன். ஒரே பிள்ளை. செபஸ்தியார் திருநாள் கிட்டப் பிறந்தவன், அதால அந்தப் பேர். போன வாடைக் காத்துத் தொடங்கேக்க நண்டு வலை இழுக்கப் போனவன். கூடப் போற அருளப்புவுக்கு அண்டைக்குக் காய்ச்சல். தனியப் போகாதை எண்டு சொன்னன், கேக்கேல்ல. போட் தலைமன்னார்ப் பக்கம் மிதந்தது. வலை பாதி போட்டுக்குள்ள, பாதி கடலுக்குள்ள. அவனை மட்டும் காணேல்ல. நேவியும் தேடினது, ஊர்ப் பொடியளும் தேடினவை, பிறகு ஒவ்வொருத்தரா விட்டிட்டினம். எல்லாருக்கும் தொழில் இருக்குத்தானே. நான் விடேல்ல. வாடைக் காத்து, கடலில கிடக்கிறதை எல்லாம் இஞ்சாலதான் ஒதுக்கும். கரையால நடந்தன். வேலைக்குப் போக முன்னமும் நடந்தன், வந்தும் நடந்தன்.

அவள் அப்பிடி நினைக்கேல்ல. இந்தியாக்காரன் பிடிச்சுக்கொண்டு போட்டான், அங்க ஜெயிலுக்குள்ள மறியல்ல இருக்கிறார் எண்டுதான் சொல்லுவாள். அப்பிடிப் பிடிபட்டுக் கனநாளைக்குப் பிறகு திரும்பி வந்தவையும் இருக்கினம். ஓம் பெற்றிசியா, இருப்பான், இருப்பான். இவவுக்கு அதைத்தான் சொல்லுறன்.

கரையில நிக்கிற சனம் முந்தி என்னைக் கண்டா மற்றப் பக்கம் திரும்பும். பாவமெண்டு நினைச்சினமோ, விசர் எண்டு நினைச்சினமோ, என்னோட ஒரு கதை இல்ல. இந்தப் பட்டி வந்த பிறகு, என்ன றோசம்மாக்கா, இந்த மாதமும் முதலாம் இடமோ எண்டு கேக்குதுகள். நானும் ஓமெண்டு கையைத் தூக்கிக் காட்டுறன். இதுவும் ஒரு நன்மைதானே. எழுதுங்கோ.

கேட்டியளே அவள் சொல்லுறதை? உங்கட வீடியோ இன்ரநெற்றில போகுமெண்டா இந்தியாவிலயும் பாப்பினமாம். அவர் பாக்காட்டியும் ஆரும் பாத்து அவருக்குச் சொல்லுவினமாம். நாளைக்குக் குட்டியையும் தூக்கிக்கொண்டு, அவன்ர படத்தையும் பிடிச்சுக்கொண்டு, என்னோட கடைசி மட்டும் நடக்கப் போறாளாம். இந்த ஆசையை நீங்கள்தான் பிள்ளை மூட்டிவிட்டது. இவ்வளவு நாளும் நான் அவளை அந்தப் பக்கம் விடேல்ல. வயித்தில இருக்கேக்க கடற்காத்துக் கூடாதெண்டு மறிச்சன், பெத்த பிறகு குட்டிக்குப் பனி கூடாதெண்டு மறிச்சன். நாளைக்கு என்னத்தைச் சொல்லி மறிக்கிறது?

பெற்றிசியா, சீனிப் போத்தலைப் பார், அடியில கிடக்கும். தாவூது நானாட கடைக்கு ஒருக்காப் போய், சீனியும் விசுக்கோத்தும் வாங்கிக்கொண்டு வா. குட்டியை நான் பாக்கிறன். ஆறுதலாப் போ, ஓடாதை.

படலை சாத்தின சத்தம் கேட்டதே? சரி. இப்ப உங்கட போனில, பட்டி காட்டுற என்ர நடைப்பாதைப் படத்தைத் திருப்பிக் காட்டுங்கோ. அவள் நிக்கேக்க நீங்கள் அதை எடுத்ததாலதான் அவளைக் கடைக்கு அனுப்பினனான். இந்தக் கோடு நான் நடக்கிறது. இந்தப் புள்ளியில நிக்கிறன். ஓம், ஒவ்வொரு நாளும் ஒரே இடம்தான். அதில குந்தியிருந்து செபமாலை சொல்லுறனான் எண்டு உங்களுக்குச் சொல்லத்தான் நினைச்சனான். ஆனா நீங்கள் படிச்ச பிள்ளை, விடமாட்டியள். நடக்கேக்க ஆறுதலா அடிக்கிற நெஞ்சு, சும்மா நிக்கேக்க ஏன் உப்பிடி அடிக்குது எண்டு கேக்கிறியள். டொக்டரிட்டக் காட்டச் சொல்லுறியள். கொம்பனியே காசு குடுக்குமோ? நல்ல கொம்பனிதான். டொக்டருக்கு அது பிடிபடாது, பிள்ளை.

அந்த இடத்திலதான் மகன் கிடக்கிறான்.

எழும்பாதேங்கோ. கதிரை சரியப்போகுது, இருங்கோ. சத்தம் போட்டா குட்டி எழும்பிப் போடுவாள்.

சனம் தேடுறதை விட்ட பிறகு, ஒரு விடியக்காலமை நான்தான் கண்டனான். முகத்தை வைச்சு அடையாளம் பிடிக்கேல்ல. நண்டு முகத்தை விட்டு வைக்காது. கழுத்தில மாதா படம் வைச்ச உத்தரியக் கயிறு கிடந்தது, அறுந்ததை நான் நீல நூலால தைச்சுக் குடுத்தது. அதே நூல். கொஞ்ச நேரம் பக்கத்தில இருந்தன். பொலிசுக்குச் சொன்னா ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போவாங்கள், பெண்சாதி வந்து அடையாளம் காட்ட வேணும் எண்டுவாங்கள். அவள் நிறைமாதம். முதல் பிள்ளை வயித்திலயே செத்துப் பிறந்தது, இந்த முறை ஒரு அதிர்ச்சியும் குடுக்காதேங்கோ எண்டு டொக்டர் சொல்லியிருந்தவர். நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ. உடைஞ்ச பலகைத் துண்டு ஒண்டு கிடந்தது, அதாலயும் கையாலயும் கிண்டினன். தாழைக்குப் பின்னால, அலை ஏறாத இடம். எனக்குத் தெரிஞ்ச செபம் சொன்னன். இப்ப மேல அடம்பன் கொடி படர்ந்திட்டுது, பாத்தா ஒண்டும் தெரியாது.

பிள்ளை பிறக்கட்டும், சொல்லுவம் எண்டு நினைச்சன். பிறந்தது. பால் வத்திப் போடுமெண்டு பயந்தன். குட்டி தவழட்டும் எண்டன். இப்ப எப்பிடிச் சொல்லுறது?

இல்லப் பிள்ளை, நான் நிப்பாட்டிப் பாத்தனான். கண்டாச்சுத்தானே, இனி ஏன் நடப்பான் எண்டு அந்தக் கிழமையே உடம்பு சரியில்லையெண்டு பாயில படுத்திட்டன். அவள் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு வந்து பக்கத்தில இருந்தாள். என்ர முகத்தையே பாத்துக்கொண்டு, மாமி, ஏன் தேடப் போகேல்ல, கண்டிட்டியளோ எண்டு கேட்டாள். நான் எழும்பிச் சேலையை உதறிக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டன். அண்டைக்குத் தொடங்கின நடைதான் இது. நான் தேடுற மட்டும் அவளுக்கு அவன் உயிரோட இருக்கிறான்.

நடக்கிறது எனக்குக் கஷ்டமில்ல. சேமக்காலையில அவனுக்கு ஒரு குழி இல்ல, அதுதான் என்னைத் தின்னுது. கார்த்திகையில எல்லாரும் தங்கட ஆக்களின்ர குழியில மெழுகுதிரி கொளுத்துவினம், நான் ஆரின்ர குழியில கொளுத்த? அவன்ர ஆத்துமத்துக்கு ஒரு பூசை குடுக்கேலாது, கோயில்ல பேர் வாசிப்பினம், இவள் கேட்டிடுவாள். அவர் சுகமாத் திரும்பி வரவேணும் எண்டு இவள் பூசை குடுக்கிறாள். நானும் பக்கத்தில முழங்காலில நிண்டு ஆமென் சொல்லுறன். பெத்தவள் பிள்ளைக்குச் செய்யிற வேலையோ இது? கடவுள் என்னட்டக் கேக்கட்டும், மறுமொழி சொல்லுறன்.

உங்களுக்கு ஏன் சொன்னன் எண்டா, நாளைக்குக் கமராவோட வந்தியளெண்டா, அவள் அந்த இடத்தில என்ர முகத்தைப் பாப்பாள். இந்தப் பட்டிக்கே விளங்குது, அவளுக்கு விளங்காதோ?

படலை. வாறாள். முகத்தைத் துடையுங்கோ, பிள்ளை. புத்தகத்தைக் கையில எடுங்கோ.

ஓம், வடிவா எழுதுங்கோ, விடியப்புறம் நடந்தா நெஞ்சுக்கு நல்லம், சீனியும் குறையும், வயசு போன ஆக்களும் நடக்கலாம். வந்திட்டியே பெற்றிசியா? வை அதில. எடி, நாளைக்கு வீடியோ இல்லையாம். இவவை உடன கொழும்புக்கு வரட்டாம், போன் வந்தது. நான் சும்மா சொல்லேல்லயடி, அவவின்ர வாயாலயே கேளன்.

சொல்லுங்கோ, பிள்ளை.