முதல் கையெழுத்து

ஒசூர் நகரப் பேருந்தில் என் முன்னிருக்கையில் இரு பெண்கள் அமர்ந்திருந்தனர். மடியில் பூக்கூடை வைத்திருந்தவள் மற்றவளிடம் கேட்டாள்:

"ஓட்டுப் போடறதுக்கு வூட்ல எந்த பாஷை பேசணும்க்கா?"

"பட்டன அமுக்கறதுக்கு பாஷை எதுக்குடி?" என்று மற்றவள் சிரித்தாள்.

"சிரிக்காதக்கா. கன்னடம் பேசறோம், நாங்க கர்நாடகாக்காரங்கன்னு சொல்லி, எங்க வூட்டு அஞ்சு பேரையும் ஓட்டர் லிஸ்ட்ல இருந்து எடுக்க மனு குடுத்திருக்காங்க. இன்னிக்கு தாலுகா ஆபீஸ்ல விசாரணை."

"நீ இங்க பக்கத்துல தளியில பொறந்தவதானே! யாரு குடுத்தது?"

"எங்க நகர் சங்கத்துக்காரங்க. மொதக் கையெழுத்து யாரோ ரிட்டயர்டு காலேஜ் வாத்தியாராம். அவரே போட்டுட்டாருன்னு மத்தவங்களும் போட்டாங்களாம்."

"போய் அவர நாலு கேள்வி கேளேன்."

"பாவம்க்கா, பெரிய மனுசர். படிச்சுப் பாக்காம போட்டிருப்பாரு. தெரிஞ்சிருந்தா போடுவாரா?"

அந்தக் கையெழுத்து என்னுடையது. மனுவை இருமுறை படித்து, அதன் வாக்கியங்களைச் செப்பனிட்டுக் கொடுத்த பின்னரே, பட்டத்தையும் சேர்த்துக் கையெழுத்திட்டேன். அதை மொழிப்பற்று என்றே அன்று எண்ணினேன். தாலுகா அலுவலக நிறுத்தத்தில் அவளோடு இறங்கி உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் இறங்கிச் செல்லும்வரை நான் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன்.