பன்னு ஏட்டுக்கு மாலை

பயப்படாத தம்பி, ஆளுதான். பேயி இல்ல. இந்தா, கையத் தொட்டுப் பாரு. சுடுது இல்ல? நீ இன்வாய்ஸ நீட்டிக்கினு என் மூஞ்சப் பாத்து அப்படியே நின்னப்பவே புரிஞ்சிபோச்சி, படத்தப் பாத்துட்டன்னு. உக்காரு. உள்ள ரெண்டு லாரி அன்லோடு ஆவுது, அது வெளிய வந்தாத்தான் உன் வண்டிக்கி கேட்டத் தொறக்க முடியும். எப்படியும் முக்கா மணி நேரம் ஆவும்.

ஆமா, நான்தான் அந்த பன்னு ஏட்டு. டிடெக்டிவ் தணிகாசலம்னு சீரியலு நாலு வருசம் ஓடிச்சே, ஞாயித்துக்கெழம காலையில. நீ அப்ப பள்ளிக்கூடம் போய்க்கினு இருந்திருப்ப. தணிகாசலம் துப்பு துலக்க வருவாரு, கூட வர்ற ஏட்டு நானு, அங்க கெடக்கற தடயத்த எடுத்துத் தின்னுடுவேன். மொத வாரம் பன்னு. அப்புறம் வாழப்பழம், அதிரசம், ஒரு வாட்டி கல்யாண கேக்கு மொத்தமும். அதோட என் பேரே போச்சி. இளங்கோவன் வூடு எதுன்னு கேட்டா படப்பையில எவனுக்கும் தெரியாது, பன்னு ஏட்டு வூடுன்னா சின்னப்புள்ள கூட இட்டாந்து உடும். சீரியலு முடிஞ்சிது, தணிகாசலமா நடிச்சவரு சினிமாவுக்குப் போனாரு, நான் இந்த வல்லம் வடகால் கம்பெனிக்கி செக்யூரிட்டியா வந்தேன். அங்கயும் யூனிபாரம், இங்கயும் யூனிபாரம்.

இப்ப அதையே ஓடிடி படமா எடுத்துக்கிறாங்க. நீ போன்லயா பாத்த? மொத சீனே என் போட்டோதான். சந்தன மால, ஊதுவத்தி, முன்னாடி ஒரு தட்டுல பன்னு. தணிகாசலம் கண்ணத் தொடச்சிக்கினு, ஏட்டய்யா, இந்தத் தடயத்த நீங்களே வெச்சிக்கோங்கன்றாரு. எனக்கே சிரிப்பு வந்துடுச்சி.

இல்லப்பா, அவங்கள ஒண்ணும் சொல்லாத. யாரும் என்ன ஏமாத்தல. டைரக்டரு தானா போன் பண்ணிக் கூப்புட்டாரு. உசுரோட வர்ற வேசம்தான், ரெண்டு நாளு ஷூட்டிங். நான்தான் கேட்டேன், சார், என்ன சாவடிச்சிடுங்கன்னு. அவரு ஆடிப்போய்ட்டாரு. எல்லாரும் என் கேரக்டர சாவடிக்காதீங்கன்னுதான் வந்து கெஞ்சுவாங்க, நீங்க இன்னா தலைகீழா கேக்கறீங்கன்னாரு. ஒரே ஒரு போட்டோ போதும் சார், மால மட்டும் பெருசா போடுங்க, படம் ஆரம்பிச்ச அஞ்சு நிமிசத்துக்குள்ள வெச்சிடுங்கன்னு கையப் புடிச்சிக்கினேன். புடிக்கலன்னு பாதியில நிறுத்தறவங்க கண்ணுலயும் பட்ரணும் இல்ல, அதான்.

ஏன்னா? ஒரு போனு வரணும்ப்பா. ஒரே ஒரு போனு.

படம் வந்து இன்னியோட பன்னண்டு நாளு. போட்டோ மட்டும் வந்ததால நான் நெசமாவே செத்துட்டேன்னு நெனச்சிக்கினாங்க, போனுக்கு இன்னா கொறச்சல், வந்துக்கினேதான் கீது. கூடப் படிச்சவன் கூப்ட்டான், எப்பவோ சண்ட போட்டுப் பேச்சு உட்ட பங்காளி கூப்ட்டான். பழைய மேக்கப்மேன் ஒருத்தரு குன்றத்தூர்லருந்து ரோஜா மாலையோட வூட்டுக்கே வந்துட்டாரு. எம் பொஞ்சாதி மஹாலட்சுமி போய் கதவத் தொறக்கறா, இவரு அவ நெத்தியில பொட்டப் பாத்துட்டு முழிக்கறாரு. நான் பின்னாடி துண்டக் கட்டிக்கினு நிக்கறேன். அந்த மாலைய இன்னா பண்றதுன்னு தெரியாம சாமி படத்துக்குப் போட்டோம். ஏற்கெனவே, இந்த மால விசயம் தெரிஞ்சதுலருந்து அவ எங்கிட்ட ஒரு மாசமா பேசல. தாலி கட்டிக்கினவ குத்துக்கல்லாட்டம் இருக்கசொல்ல எவனாவது தனக்குத் தானே மால போட்டுப்பானான்னு அன்னிக்கி கேட்டதோட செரி. நியாயம்தான்.

அழுதாங்கப்பா எல்லாரும். அழ வேண்டியவ மட்டும் கூப்புடல.

எம் பொண்ணு. தேவிப்பிரியா. ஒரே பொண்ணு. ஒரகடத்துல ஒரு கம்பெனியில அசெம்பிளி லைன்ல வேல பாத்தா. அதே லைன்ல வனமாமலைன்னு ஒரு பையன், நாங்குநேரிக்காரன். உன் வண்டி நம்பரு எழுபத்திரெண்டுன்னு பாத்தேன், திருநெல்வேலி, அதான் உன்ன உக்கார வெச்சிப் பேசிக்கினு கீறேன். அந்தப் பேரு உங்க பக்கம் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் கேக்கறேன். நல்லா ஒசரமா இருப்பான், எடது புருவத்துல ஒரு வெட்டு. தெரியாதா? செரி, உடு. யாரப் பாத்தாலும் கேட்டுட்றேன், பழக்கமாயிடுச்சி.

அவங்க வேற ஆளுங்க, நாங்க வேற. அன்னிக்கி எனக்கு அதுதான் ஒலகமாத் தெரிஞ்சிது. முடியாதுன்னேன், அவ கெளம்பிப் போய்ட்டா. ஆறு வருசம். நாங்குநேரிக்கி ரெண்டு வாட்டி போனேன்ப்பா. அவங்க வூட்டுல உக்கார வெச்சி காப்பி குடுத்தாங்க, அட்ரஸ் மட்டும் குடுக்கல. ஒரு கொழந்த பொறந்துக்கீதாம். ஆணா பொண்ணான்னு கேட்டதுக்கு, அவகிட்ட கேக்காம சொல்லமாட்டோம்னுட்டாங்க. மரியாதையாத்தான் சொன்னாங்க. அதுக்கு ரெண்டு அற அறைஞ்சிருந்தா கூட தேவல.

அவளுக்கு அந்த சீரியலுன்னா உசுரு. ஷூட்டிங்குக்கு மொத நாளு வூட்டுல அவதான் தணிகாசலம், நான் ஏட்டு. டயலாக்கு எல்லாம் அவ சொல்லிக் குடுத்து நான் மனப்பாடம் பண்ணுவேன். அந்தப் பன்ன முழுசா வாயில அடைச்சிக்கினு, சார் தடயம் ஒண்ணும் கெடைக்கலன்னு சொல்றேன் பாரு, அது நானா யோசிச்சதுன்னு பேப்பர்லலாம் போட்டாங்க. அவ சொன்னதுப்பா அது. அப்ப அஞ்சாவது படிக்கிறா. அப்பேர்ப்பட்டவ, எந்த ஊர்ல இருந்தாலும் இந்தப் படத்த மொத நாளே பாத்திருப்பா. பாத்துட்டு, எங்கப்பனுக்கு நெசமாவே இன்னா ஆச்சின்னு ஒரு வார்த்த கேக்கமாட்டாளா? திட்டட்டும். அம்மாகிட்ட குடுன்னு சொல்லட்டும், குடுத்துட்றேன். எனக்கு அவ கொரலு காதுல உழுந்தா போதும் தம்பி. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு.

ஒரு ஒதவி பண்றியா? உன் போன்லருந்து எனக்கு ஒரு ரிங்கு உடு. இந்த நம்பரு. அவ ஸ்கூலு படிக்கறப்பலருந்து இதே நம்பருதான், மாத்தவே இல்ல. சில நேரம் இங்க கேட்டாண்ட டவரு கெடைக்க மாட்டுது, அதான் சந்தேகம். போட்டியா? வருது. வருது, வருது. கட் பண்ணிடு. நல்லாத்தான் கீது. காலையில கேன்டீன்காரன உட்டும் ஒரு வாட்டி பாத்தேன்.

இன்னா கேக்கற? ஒரு அப்பன் வேணாம்னு சொன்னதுக்கு ஆறு வருசமா பேசாம இருப்பாங்களான்னா?

ஒண்ணு நான் உன்கிட்ட சொல்லல. அவ போன மூணாம் நாளு படப்பையில பஸ் ஸ்டாப்பாண்ட ஒரு பிளெக்ஸ் வெச்சேன். கண்ணீர் அஞ்சலின்னு. அவ பத்தாவது ஹால் டிக்கெட் போட்டோவப் பெருசு பண்ணி, மால போட்டு, தோற்றம் ஒரு தேதி, மறைவு ஒரு தேதி. வூட்ட உட்டுப் போன தேதியத்தான் மறைவுன்னு போட்டேன். கீழ, துயரத்துடன்னு என் பேரு. பிளெக்ஸ் கடைக்காரன் கூட ரெண்டு தரம் கேட்டான், அண்ணே யோசிச்சிக்கோங்கன்னு. பன்னு ஏட்டு பொண்ணா செத்துப்போச்சின்னு ஜனம் கும்பலா நின்னு பாத்துது. அவ அப்ப குன்றத்தூர்லதான் ஒரு ரூம்ல இருந்திருக்கா. யாரோ சொல்லி, ஷேர் ஆட்டோவுல வந்து எறங்கி, அதுக்குக் கீழ கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுப் போனாளாம். அங்க பூ கட்டுற அம்மா சொல்லுச்சி. அழுவலயாம்.

நேத்து மஹாலட்சுமி வாயத் தொறந்து பேசுனா. நான்தான் ஆரம்பிச்சேன், ஒருவேள பாப்பா இன்னும் படத்தப் பாக்கலயோ இன்னாவோன்னு. அவ அரிசி களைஞ்சிக்கினே சொல்றா, பாத்திருப்பா, ஊர்ல எல்லாரும் நம்பிட்டாங்க, அவ மட்டும் எப்படி நம்புவா, உசுரோட கீறவங்களுக்கு மால போடற ஆளு நீயின்னு அவளுக்குத் தெரியாதான்னு.