கோட்டை வீட்டில் மூன்று பேர்

ஒட்டுக்கேட்பதில் எனக்கு ஒரு முட்டாள் நம்பிக்கை: கண்ணை மூடிக் குறட்டை விட்டால் ஒருவரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். ஓமந்தை தாண்டிய கொழும்பு பஸ்ஸிலும் அதையே செய்தேன். முன் சீற்றில் ஒரு வயதான சோடி.

“கொழும்புக் கோட்டையில இருபதாம் மாடி, மகள் வாடகைக்கு எடுத்துத் தந்த சொகுசு வீடு,” என்றார் அவர். “நாங்கள் ரெண்டு பேர்தானே போறம். வீட்டு ஃபோமில ஏன் மூண்டு பேரெண்டு எழுதினனீர்?”

“சண்டையில காணாமல் போன எங்கட பொடியன் தேடி வந்தால்?” என்றா மனைவி. “பேர் இல்லாட்டி வாசல் செக்கியூரிட்டி மேல விடானாம்.”

அவர் யன்னல் திரையை இழுத்து விட்டார். பிறகு, “அவன்ர அடையாள அட்டை நம்பரும் கேட்டிருப்பினமே?” என்றார்.

“எழுதினனான். அவனைத் தேடி எத்தினை ஃபோமில எழுதிக் குடுத்தது, எனக்கு அது மனப்பாடம்.”

குறட்டையை நிறுத்தாமலே மெதுவாகக் கண்ணைத் துடைத்தேன். கை கண்ணில் இருக்கும்போதே அவா திரும்பிப் பார்த்தா.

“குறட்டை விடுற ஆள் கண்ணைத் துடைக்குமோ, தம்பி?”