மாங்கன்று பட்ட கிடங்கு

— மெசினோ? மடத்துவெளிக் களிமண்ணுக்கு மெசினோ? பரிமளம், உமக்கு ஆர் இந்தப் புத்தி சொன்னது?

— ஒருத்தரும் சொல்லேல்ல, இளையதம்பி அண்ணை. பன்ரண்டு தென்னம்பிள்ளை வாங்கிப் போட்டன். கிடங்கு கிண்டுற மெசின் வேலணை றொஜனிட்ட வாடகைக்கு இருக்காம். நாளைக்கு விடியக் கொண்டுவாறன் எண்டவர். முதல் உங்கட கல்லில இருங்கோ. நிண்டுகொண்டு கத்தினால் உங்களுக்குத்தான் பிரசர் ஏறும்.

— இருக்கிறன். உங்கட முத்தத்து வேப்பமரத்துக்குக் கீழ, இந்தக் கல்லில குந்தினால்தான் எனக்குத் தேத்தண்ணி இறங்கும். இடம்பெயர்ந்து திரும்பி வரேக்க ஒரு வீட்டிலயும் கூரை இல்ல. இது மட்டும் எனக்காகக் காத்துக்கொண்டு கிடந்தது. கேளும், அந்த மெசின் சுழண்டு சுழண்டு இறங்கும். கிடங்கின்ர சுவரைச் சட்டி மாதிரி வழுவழுப்பாத் தேச்சுப்போடும். மாரித் தண்ணி வடியாது. வேர் வெளியால போக வழியில்லாமல் உள்ளுக்கயே சுத்தும். கடைசியில தென்னம்பிள்ளை தலைசுத்தி விழுந்துபோம்.

— தென்னம்பிள்ளைக்குத் தலைசுத்தோ!

— சிரியாதேயும். காரைநகரில ஒருத்தர் உப்பிடி மெசினால கிண்டி, தண்ணி நிண்டு, தைப்பொங்கலுக்கு அந்தக் கிடங்குக்குள்ள மீன் பிடிச்சவர்.

— எத்தினை மீன்?

— நாலு. ஒண்டு முழங்கை நீளம். சீனி போட்டனீரோ இதுக்குள்ள?

— இல்ல. முப்பது வருசம் தபால் கந்தோரில கடிதம் குடுத்த மனிசன், பென்சன் எடுத்தாப்பிறகு புழுகு மட்டும்தான் வீடு வீடாக் குடுக்கிறியள். சரி, மெசின் வேண்டாமெண்டால் வேற எதால கிண்டுறது?

— அலவாங்கு. என்ர அப்புவின்ர அஞ்சடி இரும்பு அலவாங்கு. அதால அப்பு கிணறு வெட்டேக்க, கீழ அமெரிக்காக்காரர் கதைக்கிற சத்தம் கேட்டதாம்.

— என்ன கதைச்சவையாம்?

— இங்கிலிசில எல்லே கதைச்சவை! அப்புவுக்கு விளங்கேல்ல.

— அண்ணை, உங்களுக்கு எழுபத்தினாலு. படி ஏறேக்க முழங்கால் கடகடக்கிறது எனக்கு இஞ்ச கேக்குது. நீங்கள் பன்ரண்டு கிடங்கு கிண்டப்போறியளோ?

— நாளுக்கு ஒண்டு. முதல் நாள் தண்ணி ஊத்தி ஊறவிட்டால், அடுத்த நாள் களி தொதல் மாதிரி வெட்டுப்படும். அலவாங்கால குத்தினால் சுவர் வெடிக்கும், வேர் அந்த வெடிப்புக்குள்ளால போகும். அடியில தேங்காய்ப் பொச்சுமட்டை, ஒரு சிறங்கை உப்பு. முடிஞ்சுது. எங்கட களி சுத்தத் தங்கம், பரிமளம். அரிதட்டில அரிச்சாலும் கடுகளவு கல்லு அம்பிடாது.

— நல்லது. அப்ப முதல் கிடங்கை அந்தப் பூவரசம் வேலிக்கரையில வைப்பம். என்ர மனிசன் மாங்கண்டு வைச்ச இடம்.

— அங்க வேண்டாம்.

— ஏன்?

— அது ராசியில்லாத இடம். உம்மட அம்பலம் சாவகச்சேரியிலயிருந்து பஸ்ஸில மடியில வைச்சுக் கொண்டந்த கறுத்தக்கொழும்பான் மாங்கண்டு, ரெண்டு இலை விட்டிட்டுப் பட்டுப்போச்சு. பதினோரு கிடங்கு காணும்.

— பன்ரண்டு பிள்ளையெல்லே வாங்கினனான்? அந்த ஒண்டை றொஜன் மெசினால கிண்டட்டும். உங்கட அலவாங்குக்கும் ஒரு ஓய்வு.

— ஐயோ, அங்க மட்டும் மெசினை விடாதேயும். கல்லில முட்டி முறிஞ்சுபோம்.

— என்ன கல்லு, அண்ணை? அரிச்சாலும் கடுகளவு அம்பிடாதெண்டு இப்பதானே சொன்னியள்?

— சீனி இல்லாத தேத்தண்ணி உள்ளுக்கு இறங்குதில்ல.

— தேத்தண்ணி ஆறுது.

— பரிமளம், நான் ஒண்டு சொன்னால் நீர் கோவிக்கக்கூடாது. கோவிச்சாலும் தேத்தண்ணியை நிப்பாட்டக்கூடாது. இந்த ஒழுங்கையில கதைக்கிறதுக்கு எனக்கு மிஞ்சியிருக்கிறது நீர் ஒராள்தான்.

— சொல்லுங்கோ.

— எழுபத்தெட்டாம் ஆண்டு, ஆனி மாசம். நீரும் அம்பலமும் நயினாதீவுத் திருவிழாவுக்குப் போனியள். அண்டைக்கு நான் வேலியைப் பிரிச்சு அடைச்சனான். அப்பிடியே எல்லைக்கல்லையும் கிளப்பிப்போட்டன்.

— மூண்டு கீறல் போட்ட முருகைக்கல்லோ?

— அதேதான். வேலியை உங்கட பக்கம் ஒரு முழம் தள்ளினன். சரி, ஒண்டரை.

— நான் அறிய நீங்கள் குறைச்சுச் சொன்னது இதுதான் முதல் தரம்.

— பகிடி விடாதேயும். கல்லை ஒளிக்க வேணுமெல்லே? என்ர காணியில கிடங்கு கிண்டினன். அந்த வெயிலுக்குக் களி இரும்பு. அப்புவின்ர அலவாங்கு ஒரு சாண் இறங்கேல்ல, வளைஞ்சுபோச்சு. உங்கால பாத்தால், அம்பலம் மூண்டு நாள் தண்ணி ஊத்திக் கிண்டின மாங்கண்டுக் கிடங்கு வாயைத் திறந்துகொண்டு கிடக்குது. அதுக்குள்ள கல்லை உருட்டி மேல மண்ணைத் தள்ளினன்.

— அவர் அடுத்த நாள் அதுக்கு மேல கண்டை வைச்சார்.

— ஓம். பனையோலைப் பட்டை பிடிச்சு அதுக்குத் தண்ணி வாத்தது நான்தான். அது நாளுக்கு நாள் வாடினதை வேலிக்கு மேலால பாத்துக்கொண்டு நிண்டனான். அம்பலத்திட்டச் சொல்லுவம் சொல்லுவமெண்டு நாப்பது வருசம் போச்சு. பிறகு ஆளே போய்ச் சேந்திட்டார். நாளைக்கு மெசின் அதைக் கிளப்பினால், பிறகு நீர் என்ர மூஞ்சியைப் பாப்பீரோ?

— அண்ணை, சாவகச்சேரியிலயிருந்து மடியில வைச்சுக் கொண்டந்த கண்டு ஏன் பட்டதெண்டு அவர் கிண்டிப் பாத்திருக்க மாட்டாரோ?

— கிண்டினவரோ?

— அடுத்த மாரியே. உங்களிட்டத்தான் அலவாங்கு இரவல் வாங்கினவர். வளைஞ்ச அலவாங்கு. ஏன் வளைஞ்சதெண்டு அவரும் கேக்கேல்ல, எதுக்கெண்டு நீங்களும் கேக்கேல்ல.

— கல்லைக் கண்டும் மனிசன் ஒரு வாத்தை கேக்கேல்லயே!

— நான் வேலிக்கு வந்து ஊரைக் கூட்டத்தான் வெளிக்கிட்டனான். அவர்தான் மறிச்சவர். “ஒண்டரை முழம் போனால் போகட்டுமப்பா, பின்னேரத்தில முந்நூற்றிநாலு சீட்டு விளையாட நாலாவது கையை இந்தத் தீவில நான் எங்க தேடுறது” எண்டார்.

— அம்பலம்… நான் அவருக்கு எத்தினை தரம் களவாச் சீட்டுப் போட்டிருப்பன்.

— அதுவும் தெரியும். கண்ணைத் துடையுங்கோ. நாளைக்கு மெசின் பயப்பிடாமல் வரலாம். கிண்டின பிறகு சுவரை நீங்கள் அலவாங்கால குத்தி வெடிக்க வையுங்கோ. அந்தக் கிடங்குக்குள்ள கல்லு இல்ல.

— அப்ப கல்லு எங்க?

— தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சிட்டு ஆறுதலா எழும்பி, நாப்பது வருசத்துக்கு மேலா நீங்கள் குந்தியிருக்கிற கல்லை ஒருக்காப் பிரட்டிப் பாருங்கோ, அண்ணை.