சீட்டில் வந்த பக்கம்

– ஜெராக்ஸ் அக்கா, நாற்பது காப்பி. ரெண்டு பக்கமும். நாளைக்கு விவாதத்துக்கு சார் கொடுக்கணுமாம்.

– நாளைக்குத்தானே? அதுக்குச் சாப்பாட்டு நேரத்துல ஒத்தையா ஓடி வந்திருக்கே. உன் பட்டாளம் எங்கே?

– அதுங்க கொட்டிக்குதுங்க. எனக்குப் பசிக்கலை. ஏன்க்கா, எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் போடுவீங்களா?

– இருபது வருஷமா இந்த ரூம்ல படிச்சதுக்கு இந்தக் காலேஜ் எனக்கு ரெண்டு பட்டம் தரணும்... இதை யார் எழுதினது?

– சார்தான். நிஜமா நடந்ததாம், யாருக்கும் தெரியாம மாத்திரை போட்டுச் செத்துப்போன ஒரு பொண்ணோட கதை. 'கருவைக் கலைப்பது சரியா, தப்பா?' வழக்கம்போல சீட்டுக் குலுக்கினார். எனக்கு 'தப்பு'ன்னு வந்திருக்கு.

– நீ என்ன நினைக்கிறே?

– நினைக்கிறதைப் பேசினா அது விவாதம் இல்லையாம், புலம்பலாம். சீட்டுல வந்ததைத்தான் பேசணும். சார் கதையைச் சொன்னதுமே கிளாஸ்ல அந்தப் பொண்ணைக் கூறு போட்டுட்டாங்க. ஒருத்தன் கொலைகாரிங்கறான். ஒருத்தி, அவ உடம்பு அவ இஷ்டம்ங்கறா. ரெண்டு கட்சியும் ஒத்துக்கிட்டது ஒண்ணுதான். அவங்கம்மா சரியில்லை.

– அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவள்னு போட்டிருக்கார்.

– ஆமா, பாவம்.

– பேரை மாத்தினார். ஊரை மாத்தினார். என்னையும் தற்குறியா மாத்திட்டார்.

– அக்கா?

– 'விடுதி அறையில்'னு இருக்கு பாரு. விடுதி இல்லை, எங்க வீட்டு நடு அறை. மூணு நாள் என் பொண்ணு வயித்துவலின்னு சுருண்டு கிடந்தா. மாசாமாசம் வர்றதுதானேன்னு வெந்நீர்ப் பை வெச்சேன். எவன்கிட்டயோ வாங்கின மாத்திரை. ஆஸ்பத்திரி மூணாவது தெருவுலதான் இருக்கு.

– எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது. அவங்க இந்தக் காலேஜா?

– இதே வகுப்பு. ரெண்டு வருஷம் முந்தி. இதே தலைப்பு, இதே சீட்டு. அவளுக்கும் 'தப்பு'தான் வந்துது. பேசி முதல் பரிசு வாங்கினா. அத்தனை பேர் முன்னாடி அப்படிப் பேசினவ, அப்புறம் யார்கிட்ட வாயைத் திறப்பா?

– சாருக்கு இது தெரியும்தானே?

– சாவுக்கு வந்து என்னைவிட அதிகமா அழுதார். பாடம் நல்லா வரணும்னு தாளும் எழுதிட்டார். அதை யார் காப்பி எடுப்பான்னுதான் யோசிக்கலை.

– கொடுங்கக்கா, நான் வெளியில எடுத்துக்கறேன்.

– இரு. நாற்பதும் நானே போடறேன். அம்மா தற்குறிங்கற பொய்யை மட்டும் பேனாவால அடிச்சுட்டுப் போடறேன்.

– எத்தனை வாரம் வரைக்கும் ஆஸ்பத்திரியில செய்வாங்கன்னு அதுல இருக்கா?

– அதெல்லாம் எழுதலை. நியாயம்தான் எழுதியிருக்கார்.

– அக்கா, உங்க பக்கம் எது?

– அவளும் இதே மேஜையில சாஞ்சுக்கிட்டு இதையேதான் கேட்டா. 'உன் பக்கம் எதும்மா?'ன்னு.

– என்ன சொன்னீங்க?

– உன் சீட்டுல என்ன வந்திருக்கோ அதுதான்டி என் பக்கம்னேன். பெத்தவ பிள்ளை பக்கம்தானே நிப்பா. சிரிச்சுட்டுப் போயிட்டா. போட்டிக்குக் கேக்கறான்னு நினைச்சேன்.

– அக்கா...

– முப்பத்தொன்பது, நாற்பது. இந்தா, சூடா இருக்கு, பாத்துப் பிடி. ஏன் கண்ணு, எத்தனை வாரம்னு எதுக்குக் கேட்டே?

– கதவைச் சாத்திக்கலாமாக்கா?